கடல் காணாத வகுப்பறையும் திமிங்கிலத்தின் குரலும்

கடலைக் கண்ணால் காணாத பிள்ளைகளுக்குத் திமிங்கிலத்தைப் பற்றிய பாடம் எதற்கு என்று கேட்போர் கல்வித்துறையிலேயே உளர். லிந்துலைப் பகுதித் தோட்டப் பாடசாலைகள் போன்றவற்றை மனத்திற் கொண்டே இக்கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுகிறது. இங்கே சாளரத்தைத் திறந்தால் தெரிவது தேயிலை மலை. அதற்கப்பால் இன்னொரு தேயிலை மலை. எத்திசையில் இறங்கினாலும் கடலைக் காண ஒரு நாளின் பெரும்பகுதி பேருந்தில் கழிந்துவிடும். கொழுந்துக் கூடையும் லயத்து வாழ்வும் அறிந்த பிள்ளைக்கு அவற்றை ஒட்டிய அறிவே போதும் என்பது அக்கேள்வியின் உட்கிடை. தோட்டப் பிள்ளை நாலெழுத்துப் படித்தால் போதும், மிகுதி கெடுதல் என்று துரைமார் ஒரு காலத்தில் கருதினர். அதே கருத்து இன்று நாகரிகமான உடையணிந்து வருகிறது. வேறுபாடு அவ்வளவே.

இக்கேள்வியின் அடியில் ஒரு தவறான எண்ணமும் கிடக்கிறது. கடற்கரையில் வாழ்பவன் திமிங்கிலத்தைக் கண்டு அறிகிறான், மலையில் வாழ்பவன் நூலைப் படித்து அறிகிறான், ஆகவே இரண்டாவது அறிவு தாழ்ந்தது என்பதே அந்த எண்ணம். உண்மை அதுவன்று. நீலத் திமிங்கிலம் முப்பது மீற்றர் வரை வளரும் உயிர். பூமியில் வாழ்ந்ததாக நாம் அறிந்த விலங்குகளுள் மிகப் பெரியது. ஆனால் படகிலிருந்து பார்ப்பவன் காண்பதென்ன? ஒரு மூச்சுத்தாரை, முதுகின் ஒரு கீற்று, சில வேளை வால். அதன் வாழ்வில் பெரும்பகுதி நீருக்கடியில் கழிகிறது. முழுத் திமிங்கிலத்தை உயிருடன் ஒரே பார்வையில் கண்டவர் மிகச் சிலர். மனித குலம் திமிங்கிலத்தை அறிந்தது ஏடுகளாலும் எலும்புகளாலும் ஒலிப்பதிவுகளாலுமே. இந்த மூன்றும் எவர் கையில் இருந்தன, எதற்காகச் சேர்க்கப்பட்டன, எவருக்கு மறுக்கப்பட்டன என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் பொருள்.

பழைய ஏடுகளில் திமிங்கிலம் ஓர் அச்சமாகவே இருந்தது. வடமொழிப் புராண வழக்கில் திமி என்பது பெருமீன். அதை விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்க ஒரு திமிங்கிலகிலம் உண்டு. பெயரிலேயே விழுங்கல்தான். நம் நெய்தற் புலவர்கள் இத்தகைய கற்பனையில் அதிகம் ஈடுபடவில்லை. அவர்கள் பாடியது வலையில் அகப்பட்டதையும் வலையைக் கிழித்ததையுமே. பட்டினப்பாலையின் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டனர். அது அவர்கள் தொட்டறிந்த உயிர். எழுத்தில் உள்ள இந்து சமுத்திரத் திமிங்கிலச் செய்திகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றை விட்டுச் சென்றவன் அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நெயார்க்கஸ். கி.மு. 325 இல் சிந்து நதியின் முகத்திலிருந்து பாரசீக வளைகுடா நோக்கிச் சென்றபோது, கடலினின்று நீர்த்தாரைகள் எழக் கண்டு அவன் வீரர் துடுப்பைக் கைவிட்டு நடுங்கினர். அவன் கப்பல்களைப் போரணியில் நிறுத்தி, எக்காளம் ஊதி, எல்லோரும் ஒருசேரக் கூவிக்கொண்டு முன்னேறச் செய்தான். திமிங்கிலங்கள் ஆழத்துள் மறைந்தன. எக்காளம் ஊதியவர்கள் எதிர்ப்பக்கத்தில் என்ன ஒலி எழுகிறது என்று கேட்டறிய முனைய இன்னும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் செல்லவேண்டியிருந்தது.

திமிங்கிலம் நுரையீரலால் மூச்செடுத்துக் குட்டிக்குப் பாலூட்டுகிறது என்பதை அரிஸ்ரோட்டில் அறிந்திருந்தார். லின்னேயஸ் 1758 இல் அதனைப் பாலூட்டிகளின் வரிசையில் சேர்த்தார். அதன் பின்னரும் அதை மீன் என்றே சொல்லும் வழக்கம் போகவில்லை. நம் மாணவர் பலரும் இன்றுவரை அப்படியே எழுதுகின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை.

திமிங்கிலத்தைப் பற்றிய அறிவு பெருகியது கொலையின் வழியாகவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நந்துக்கெற், நியூ பெட்போர்ட் துறைகளிலிருந்து புறப்பட்ட வேட்டைக் கப்பல்கள் இந்து சமுத்திரம் முழுவதையும் அலசின. ஒவ்வொரு கப்பலிலும் ஒரு நாட்குறிப்பேடு. எந்த நாளில், எந்த இடத்தில், எந்த இனம், எத்தனை என்று அதில் பதிவார்கள். சாள்ஸ் ஹஸ்கின்ஸ் ரவுன்சென்ட் என்னும் விலங்கியலறிஞர் 1,665 பயணங்களின் ஏடுகளைப் புரட்டி, 53,877 திமிங்கிலங்கள் கொல்லப்பட்ட இடங்களைப் புள்ளிகளாக்கி, 1935 இல் உலகப் படங்களாக வெளியிட்டார். இன்றும் ஆய்வாளர் அப்படங்களை நாடுகின்றனர். திமிங்கிலம் எங்கே வாழ்ந்தது என்பதை அது எங்கே செத்தது என்னும் கணக்கிலிருந்தே அறிகிறோம்.

அந்தக் கணக்கைத் தம் உழைப்பால் உண்டாக்கிய மாலுமிகளின் நிலை என்ன? அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கப்பல் கொண்டுவரும் எண்ணெயின் விலையில் ஒரு பங்கு. கப்பல் தலைவனுக்குப் பெரும்பங்கு. சாதாரண மாலுமிக்கு நூற்றைம்பதில் ஒன்று, இருநூற்றில் ஒன்று. மெல்வில் 1851 இல் எழுதிய மோபி டிக் நாவலின் இஸ்மாயிலுக்குக் கிடைப்பது முந்நூற்றில் ஒன்று. இடையில் அவன் வாங்கிய உடுப்பும் புகையிலையும் கப்பற் கடையில் கடனாக ஏறும். மூன்று நான்கு ஆண்டுகள் கடலில் உழைத்துக் கரையேறும்போது கையில் மிஞ்சுவது அற்பம். சிலர் கடனாளியாகவே இறங்கினர். இதைப் படிக்கும் மலைநாட்டு வாசகருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அதே நூற்றாண்டில் இராமேசுவரக் கரையிலிருந்து கங்காணியின் முன்பணத்தில் புறப்பட்டு, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்தவர்கள் நம் முன்னோர். அவர்களது கடன் துண்டு என்னும் கடதாசியில் எழுதப்பட்டது. அக்கடனை அடைத்த தோட்டம் ஆளையும் பெற்றுக்கொண்டது. துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. கடலில் ஒரு கடன், மலையில் ஒரு கடன். இரண்டின் கணக்கையும் முதலாளித்துவம் ஒரே கையெழுத்தில் எழுதியது.

எம் மக்களுக்குக் கடல் என்பது இயற்கைக் காட்சியாக வாய்த்ததில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அது கடந்து வந்த துன்பம். 1864 இல் ஆதிலட்சுமி என்னும் கப்பல் மூழ்கியபோது நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். 1964 இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் தலைமன்னாரில் கப்பலேறியவர்களுக்குக் கடல் பிரிவின் அடையாளமாயிற்று. மலையகத்துப் பாட்டன் பாட்டிமாரின் பேச்சில் கடல் வருமாயின் அழுகையோடுதான் வரும். பிள்ளைகள் அதனை விலங்கியலின் கண்கொண்டு பார்க்கக் கற்பதும் ஒரு விடுதலையே என்று நாம் எண்ணுகிறோம்.

மீண்டும் எண்ணெய்க்கு வருவோம். எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகு, புகையின்றி எரியும் உயர்ந்த மெழுகுவர்த்தியாயிற்று. 1860 இல் இங்கிலாந்துச் சட்டமொன்று விளக்கொளியை அளக்கும் அலகையே அவ்வர்த்தியால் வரையறுத்தது: ஆறிலொரு இறாத்தல் எடையுள்ள, மணிக்கு 120 கிரெயின் எரிகின்ற ஒரு திமிங்கில மெழுகுவர்த்தியின் ஒளி. மண்ணெண்ணெய் வந்தபின் திமிங்கிலம் தப்பியது என்று பாடநூல்கள் சில முடித்துவிடுகின்றன. இது அரை உண்மை. நீராவிக் கப்பலும் வெடிமுனை ஈட்டியும் வந்தபின்னரே, முன்பு துரத்திப் பிடிக்க முடியாதிருந்த நீலத் திமிங்கிலம் வேட்டைக்கு அகப்பட்டது. அதன் எண்ணெயை ஐதரசனேற்றம் செய்து கட்டியாக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டதும் அது மாஜரீனாக ஐரோப்பியத் தொழிலாளியின் ரொட்டியில் ஏறியது. 1930-31 ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் அந்தாட்டிக்காக் கடலில் 29,410 நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. வெண்ணெய் வாங்க வசதியற்ற இங்கிலாந்துத் தொழிலாளி காலையில் அந்த மாஜரீனைத் தடவிய ரொட்டியைத் தின்று, நம் மலையின் தேநீரைக் குடித்து, வேலைக்குப் போனான். அந்த மேசையில் தென்கடலின் திமிங்கிலமும் மலைநாட்டுப் பெண்ணின் உழைப்பும் அருகருகே இருந்தன. மலிவான உணவுக்காக இரண்டுமே மலிவாக்கப்பட்டன.

இனி எலும்பு. 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகத்தின் செல்வங்களுள் ஒன்று, 1894 இல் அம்பலாங்கொடைக் கரையில் ஒதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. சுற்றுலா செல்லும் மலைநாட்டுப் பிள்ளைகள் பலருக்குத் திமிங்கிலத்தோடு நேர்ந்த முதல் அறிமுகம் அதுவே. அதனடியில் நின்று, ஒரு லயக் காம்பரா இதற்குள் அடங்கிவிடுமே என்று வியந்து அளந்து பார்க்காத பிள்ளை குறைவு.

அதைவிடச் சிறியதும், நம் கருத்தில் அதைவிட முக்கியமானதுமான இன்னொரு எலும்பும் கொழும்பில் இருக்கிறது. 1963 சனவரி 26 ஆம் நாள் இரத்மலானைக் கரையில் அலகுடைய திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. அருங்காட்சியகத் தலைவராயிருந்த பி. இ. பி. தெரணியகல அதனை ஆராய்ந்து, உலகம் அறியாத புதிய இனம் என்று அவ்வாண்டிலேயே எழுதினார். இலத்தீன் முறைப்படி பெயரிட வேண்டிய இடத்தில் அவர் தம் நாட்டுச் சொற்களையே வைத்தார். சிங்களத்தில் ஹொட்ட என்றால் அலகு. உல என்றால் கூர். மெசோபிளோடொன் ஹொட்டவுல என்று பெயர் அமைந்தது. மேல்நாட்டு அறிஞர் விரைவிலேயே இது தனி இனமன்று, யப்பானில் முன்பே அறியப்பட்ட இனந்தான் என்று தள்ளிவிட்டனர். தெரணியகல மறைந்தார். மண்டையோடு பேழையில் கிடந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த எலும்பில் சிறிது துளைத்தெடுத்து மரபணுவைச் சோதித்தார்கள். மாலைதீவு, சீசெல்சு, பசிபிக் தீவுகள் ஆகியவற்றில் ஒதுங்கியவற்றோடு ஒப்பிட்டார்கள். தெரணியகல சொன்னதே சரி, அது தனி இனமே என்று 2014 இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. கிராமத்தில் கோழிக்கும் கொக்குக்கும் சொல்லும் ஒரு சொல் இன்று உலக விலங்கியலில் நிற்கிறது. அருங்காட்சியகம் குடியேற்ற ஆட்சியின் நிறுவனந்தான். ஆனால் அதில் ஓர் எலும்பைப் பேணி வைத்த எளிய ஊழியர்களின் கைகள் ஐம்பதாண்டு காக்காதிருந்தால் தெரணியகலவின் கூற்று நிலைத்திராது. அவர்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை.

ஒலியின் கதை போரோடு தொடங்குகிறது. கடலடி ஒலிவாங்கிகளை முதலில் பெருமளவில் இறக்கியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், கடற்படையினர். பெர்மியூடாத் தீவில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கடலடி ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்த பொறியியலாளர் பிராங் வாட்லிங்ரன், 1950 களில் விந்தையான ஓலங்களைப் பதிவுசெய்தார். அவை கூன்முதுகுத் திமிங்கிலங்களின் ஒலி என உணர்ந்ததும், வேட்டைக்காரர் அறிந்தால் அந்த ஒலியைக் கொண்டே அவற்றைத் தேடிப் பிடிப்பர் என அஞ்சி வெளியிடாது வைத்திருந்தார். அறுபதுகளின் பிற்பகுதியில் அவை ரொஜர் பேனின் கைக்குச் சென்றன. அவரும் கேற்றி பேனும் ஸ்கொட் மக்வேயும் அந்த ஒலிகளைத் தாளில் வரைபடமாக்கிப் பார்த்தபோது, அவை வெறும் ஓலமல்ல, பல நிமிடங்கள் நீண்டு, ஒழுங்கு மாறாமல் திரும்பத் திரும்ப வரும் பாட்டு என்று தெரிந்தது. 1970 இல் இசைத்தட்டு வெளிவந்தது. 1971 இல் ஆய்வுக் கட்டுரை. 1979 சனவரியில் நாஷனல் ஜியோகிரபிக் இதழ் மெல்லிய தட்டொன்றை இதழோடு இணைத்து ஒரு கோடிக்கு மேற்பட்ட பிரதிகளை வெளியிட்டது. 1977 இல் விண்ணுக்குச் சென்ற வொயேஜர் கலங்களின் தட்டிலும் அப்பாட்டு இடம்பெற்றது. வேட்டைக்கு எதிரான மக்கள் இயக்கம் மேல்நாடுகளில் எழுந்ததற்கு இந்த ஒலிப்பதிவு ஒரு பெருங்காரணம். சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு வணிக வேட்டையை நிறுத்த 1982 இல் வாக்களித்தது. அதற்கு முன்பே, 1979 இல், இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக்கப்பட்டது. அந்த முன்மொழிவைக் கொண்டுவந்தது மூன்றாண்டுகளுக்கு முன் விடுதலை பெற்ற சின்னஞ்சிறு சீசெல்சு என்பதை நம் மாணவர் அறியவேண்டும்.

அந்தச் சரணாலயத்தில் என்ன வாழ்கிறது என்று அறிய ஹால் வைற்ஹெட் தலைமையில் ரியூலிப் என்னும் சிறு பாய்க்கப்பல் வந்தது. 1982 க்கும் 1984 க்கும் இடையில் இலங்கைக் கடலில் அது எண்ணெய்த் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தது. திமிங்கிலம் நீருள் சென்றபின் கண்ணுக்குப் பயனில்லை. இரவும் பகலும் கடலடி ஒலிவாங்கியில் அவற்றின் டக் டக் என்னும் ஒலியைக் கேட்டே கப்பல் திரும்பியது. திருகோணமலைக்கு அருகே நீலத் திமிங்கிலங்களும் இருந்தன. கரையை ஒட்டியே பேராழப் பள்ளத்தாக்கு இறங்கும் கடல் அது. அபிகெய்ல் அலிங்கும் அவர் தோழரும் 1984 இல் அங்கே நீலத் திமிங்கிலத்தின் பாட்டைப் பதிவுசெய்தனர். அது உலகின் வேறெந்த நீலத் திமிங்கிலத்தின் பாட்டையும் ஒத்திருக்கவில்லை. ஒரு துடிப்பொலி, மேலேறும் ஒலி, பின்பு அரை நிமிட அளவு நீளும் ஒரே சுருதி. இன்றும் அதனை ஆய்வாளர் இலங்கைப் பாட்டு என்றே வழங்குகின்றனர்.

அந்த ஆண்டுகளை மாணவர் மீண்டும் ஒருமுறை கவனிக்கவேண்டும். அவற்றின் நடுவில் 1983 ஜூலை இருக்கிறது. நீருக்கடியில் ஓர் உயிரின் மொழியை வெளிநாட்டார் செவிகொடுத்துக் கேட்ட அதே காலத்தில், கரையில் ஒரு மொழியைப் பேசியதற்காக மனிதர் எரிக்கப்பட்டனர். மலைநாட்டுத் தமிழரும் அதிலிருந்து தப்பவில்லை. அதன்பின் கிழக்குக் கடல் போர்க்கடலாயிற்று. மீனவர் தொழிலுக்குச் செல்ல அனுமதிச்சீட்டுக் கேட்டு நின்ற கடலில் திமிங்கில ஆராய்ச்சிக்கு இடமேது? 2009 வரை திருகோணமலைத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் கேட்பாரற்றே பாடின. ஆராய்ச்சி பிற்பாடு தென்கரைக்கு நகர்ந்தது. அங்கே ஆஷா டி வோஸ் என்னும் இலங்கைப் பெண் விஞ்ஞானி, நம் கடலின் நீலத் திமிங்கிலங்கள் மற்றவை போலத் துருவம் நோக்கி நெடுந்தூரம் செல்லாமல் வெப்பக் கடலிலேயே தங்குகின்றன என்பதை வற்புறுத்தி வருகிறார்.

இன்னொரு செவியும் இந்து சமுத்திரத்தில் உண்டு. அணுகுண்டுச் சோதனைத் தடை உடன்படிக்கைக்காக தியேகோ கார்சியாத் தீவருகே நிறுவிய ஒலிவாங்கிகள் ஆண்டுக்கணக்கில் கடலைக் கேட்கின்றன. அவற்றின் பதிவுகளை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஒரு நீலத் திமிங்கிலக் கூட்டத்தின் பாட்டை 2021 இல் அறிவித்தனர். அதற்குச் சாகோஸ் பாட்டு என்று பெயரிட்டனர். நல்ல செய்தியே. ஆனால் அமெரிக்கப் படைத்தளத்துக்காக 1968 க்கும் 1973 க்கும் இடையில் பிரித்தானிய அரசு அத்தீவுக் கூட்டத்தின் மக்கள் அனைவரையும் கப்பலேற்றி வெளியேற்றியது. தென்னந்தோட்டத் தொழிலாளிகள் அவர்கள். தலைமுறைகளாக அங்கே பிறந்தவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்று ஆவணத்தில் எழுதித்தான் வெளியேற்றினர். அவர்கள் குரலைக் கேட்க ஒலிவாங்கி வைப்பாரில்லை. 1948 இல் ஒரே சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

இதுவரை எழுதியதில் குற்றவாளிகள் மேற்குலகினரே. நேர்மை இங்கே நிற்க விடாது. நம்மில் பலர் விஞ்ஞானத்தைத் தமிழில் முதலில் படித்தது மாஸ்கோவிலிருந்து வந்த நூல்களில். முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் மலிவு விலையில் அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகங்கள் எத்தனையோ ஆசிரியரின் கண்ணைத் திறந்தன. அந்த நன்றியை மறக்கலாகாது. ஆனால் அதே சோவியத் அரசின் வேட்டைக் கப்பல்கள் 1948 முதல் 1973 வரை தென்கோளக் கடல்களில் 48,000 க்கு மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்று, ஆணைக்குழுவுக்கு 2,710 என்று கணக்குக் காட்டின. வட இந்து சமுத்திரத்தில் 1963 முதல் 1966 வரை 1,294 நீலத் திமிங்கிலங்களையும், 1966 இல் அரபிக் கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களையும் பிடித்தன. அரபிக் கடலின் கூன்முதுகுக் கூட்டம் இன்றுவரை மீளவில்லை. இதற்கு மக்களின் பசியும் காரணமன்று. ஆண்டுத் திட்டத்தின் இலக்கை எட்டவேண்டும், சென்ற ஆண்டின் எண்ணை மிஞ்சவேண்டும் என்பதே காரணம். கொழுந்து நிறுவைத் தராசின் முன் நின்று பழகிய நமக்கு இந்த எண் வெறி புதிதன்று.

இந்த உண்மையை வெளிக்கொணர்ந்தவர்களும் சோவியத் விஞ்ஞானிகளே. கப்பல்களில் பணிபுரிந்தவர்கள் உண்மைக் கணக்கைக் கள்ளமாகப் படியெடுத்து வைத்தனர். டிமித்ரி தொர்மோசொவ் என்பவர் அத்தாள்களைத் தம் வீட்டு உருளைக்கிழங்கு நிலவறையில் ஒளித்தார். அலெக்ஸி யப்லொக்கொவ் 1993 இல் உலகறியச் சொன்னார். யூரி மிகலெவ் அரபிக் கடற் கணக்கை வெளியிட்டார். மக்களின் பெயரால் எழுதப்பட்ட பொய்க் கணக்கை மக்களுக்காகத் திருத்திய இவர்களையே நாம் முற்போக்காளர் என்று மாணவருக்குக் காட்டவேண்டும். 'எதிரிக்கு ஆயுதமாகிவிடும், எழுதாதே' என்று தோழர் சிலர் சொல்லக்கூடும். எழுதாதிருப்பதுதான் எதிரிக்கு ஆயுதம்.

இனி லிந்துலைக்குத் திரும்பலாம். எம் வகுப்பறையில் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டைக் கைத்தொலைபேசியில் கேட்கச் செய்தபோது, கன்றைத் தேடும் பசு போல இருக்கிறது என்றனர். அடுத்து இலங்கைப் பாட்டைப் போட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. சிறு கருவியின் ஒலிபெருக்கி அவ்வளவு தாழ்ந்த சுருதியை எழுப்பவே மாட்டாது. விஞ்ஞானிகள் அதைப் பத்து மடங்கு வேகப்படுத்தியே பிறருக்குக் கேட்பிப்பர். மாணவர் இருவர் கோயில் திருவிழாவுக்கு வைக்கும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியை இரவல் வாங்கி வந்தனர். அப்போது பாட்டின் மூன்றாம் பகுதி, செவிக்கு முன்பே, மேசைப் பலகையில் வைத்த கைக்குத் தெரிந்தது. 'ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற காத்தாடி மாதிரி இருக்கு, சேர்' என்றாள் ஒரு மாணவி. அவள் தாயார் தேயிலை ஸ்டோரில் வேலை செய்பவர். ஒலியை ஒலியால் அளந்தறிந்த அந்த ஒப்பீடு எமக்கு மிகச் சரியாகவே பட்டது.

ஸ்டோரில் முடியும் கதையன்று அது. அங்கே பொதியாகும் தேயிலை கொழும்புத் துறையில் கொள்கலனில் ஏறுகிறது. கொழும்புக்கு வரும் கப்பல்களும், தெவிநுவர முனைக்குத் தெற்கே உலகின் நெரிசல் மிக்க கடற்பாதையொன்றில் செல்லும் கப்பல்களும், நீலத் திமிங்கிலங்கள் சிற்றிறால் தின்னும் நீரைக் கிழித்துக்கொண்டே போகின்றன. 2012 மார்ச்சில் கொழும்புத் துறையில் நுழைந்த கொள்கலன் கப்பலொன்றின் முகப்பில் நீலத் திமிங்கிலத்தின் உடல் மடிந்து தொங்கியது. பாதையைப் பதினைந்து கடல் மைல் தெற்கே ஒதுக்கினால் மோதல் வெகுவாகக் குறையும் என்று ஆய்வாளர் பல்லாண்டு வாதாடினர். பெரிய கப்பற் கம்பனியொன்று 2022 இல் தானாகவே அவ்வாறு விலகிச் செல்லத் தொடங்கியது. தேயிலையை ஏற்றுமதி செய்வோர் எவ்வழியாக ஏற்றுகிறோம் என்று கப்பற் கம்பனியைக் கேட்கலாகாதா? தொழிற்சங்கங்களும் கேட்கலாம்.

நீரின் வழியும் அப்படித்தான். லிந்துலையில் பெய்யும் மழை ஆக்ரா ஓயாவில் இறங்கி, கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் கலக்கிறது. வழியிலுள்ள அணைகளும் வாய்க்கால்களும் எடுத்தது போக மீதி, கொட்டியாரக் குடாவில் கடலையடைகிறது. அக்குடாவுக்கு வெளியேதான் அந்தப் பேராழப் பள்ளத்தாக்கு. ரியூலிப் பாட்டைக் கேட்ட கடல். மகாவலி 335 கிலோமீற்றர் நீளமுடையது என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, எம் வாசலிலிருந்து கரைந்தோடும் மண் எங்கே போய்ப் படிகிறது என்று சொல்ல எந்தப் பாடநூலும் முன்வருவதில்லை. புவியியல் ஒரு பாடவேளையில், விலங்கியல் இன்னொரு பாடவேளையில், வரலாறு நேரம் கிடைத்தால்.

மாணவர் கையில் கொடுக்க, நம் கடலின் திமிங்கிலங்களைப் பற்றித் தமிழில் ஒரு சிறுநூல்கூட எம் பாடசாலை நூலகத்தில் இல்லை. இருப்பவை ஆங்கிலத்தில், படங்களுக்காகப் புரட்டப்பட்டு ஓரம் கிழிந்தவை. எனவே சென்ற தவணையில் உயர்தர மாணவர் சிலர் தாமே ஒரு சொற்பட்டியல் எழுதத் தொடங்கினர். மீனவர் வழக்கிலிருந்து ஓங்கிலையும் ஆவுளியாவையும் எடுத்துக்கொண்டனர். தெரணியகலவின் ஹொட்டவுலவுக்கு வந்தபோது இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. சிங்களப் பெயரை அப்படியே வைப்பதா, தமிழாக்குவதா? ஈற்றில் இரண்டையும் வைத்தனர். வகுப்புச் சுவரில் ஒட்டிய தாளில் இன்று 'ஹொட்டவுல' என்றும், அதன்கீழே 'கூரலகன்' என்றும் எழுதியிருக்கிறது. அதற்கும் கீழே, வேறொரு கையெழுத்தில், 'இரத்மலானை, 1963'.